மீன் ஆபீஸின் ரப்பர் செடி

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும், செடியக்கா வழக்கம்போல முதல் தொட்டிக்குப் போய் மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை விட்டாள். விரல் இறங்கவில்லை. நகம் மடங்கி வலித்ததுதான் மிச்சம். காய்ச்சலில் நாலு நாள் வராமல் போனதில் மண் கல்லாகிவிட்டது என்று பதறிப்போய், பூவாளியைச் சாய்த்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே தளும்பி, விளிம்பில் வழிந்து கம்பளத்தை நனைத்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரப்பர் செடியின் இலை ஒன்றைக் கிள்ளினாள். ரப்பர் செடியைக் கிள்ளினால் பால் வரும். கையில் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. இதில் பால் வரவில்லை. கிள்ளிய இடத்தில் நூல் பிரிந்தது.

தலை நிமிர்ந்து செடியை முழுதாகப் பார்த்தாள். கீழிருந்து மூன்றாவது இலையின் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. இன்னொன்றில் பூச்சி கடித்த மாதிரி ஒரு ஓட்டை. நடுவில் ஒரே ஒரு இலை மட்டும் கோபித்துக்கொண்டது போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றது. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன் அவள் இந்தக் கட்டடத்துக்குப் பெருக்க வந்தாள். புருஷன் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது, மகளுக்குப் பதினொரு வயது. அப்போது வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி இருந்தது. அதனால் வீட்டில் இதற்கு மீன் ஆபீஸ் என்று பேர். அந்தச் சாலையில் இருபது கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும்; அடையாளத்துக்கு மீன்தான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் தொட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டில் பேர் மாறவில்லை. மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய நாளிலும், "அம்மா இன்னும் மீன் ஆபீஸ்லதான்" என்றுதான் தோழிகளிடம் சொன்னாள்.

பெருக்க வந்தவள் செடியக்கா ஆனது தற்செயல். அழுகிக்கொண்டிருந்த ஒரு மணி பிளாண்டைப் பார்த்து, "இதுக்குத் தாகம் இல்லைங்க, மூச்சு முட்டுது" என்று அவள் சொல்லப்போக, சிரித்துக்கொண்டே பூவாளியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று தொட்டிகள். எது எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கும், எதற்கு ஏசிக் காற்று ஆகாது என்பதெல்லாம் மனப்பாடம். இலை துடைக்க மகளின் பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்து வைத்திருந்தாள். ஒப்பந்தக்காரர் கொடுத்த அட்டை கழுத்தில் தொங்கியது. அதில் 'பராமரிப்பு' என்று போட்டிருப்பதாகக் காவலாளி வாசித்துச் சொல்லியிருந்தார்.

மகளுக்கு மூன்று மாதத்துக்கு முன் ஓர் அலங்காரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒருநாள் செயற்கைச் செடியின் இரண்டு கிளைகளைக் கொண்டுவந்து தரையில் வைத்து, "எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"பொம்மைக் கடை மாதிரி இருக்கு. ஒரு இலைக்குக்கூட வயசே ஆகலையே" என்று இவள் சிரித்தாள். ஒன்றைப் பழுக்க வை, ஒன்றைப் பூச்சிக்குக் கொடு, எல்லாவற்றையும் வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பாதே, ஒன்றாவது முறைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று அடுக்கினாள். மகள் நோட்டை எடுத்து வரிவரியாக எழுதிக்கொண்டாள். தான் பேசுவதைப் படித்த பெண் எழுதிக்கொள்கிறாள் என்று அன்று முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது அந்த நோட்டுதான் நாற்பத்து மூன்று தொட்டிகளில் நின்றுகொண்டிருந்தது.

சனி, ஞாயிறு இரண்டே நாளில் மாற்றிவிட்டார்கள் என்று காவலாளி சொன்னார். அவளுக்குத் தகவல் சொல்லவேண்டியது ஒப்பந்தக்காரர் என்று ஆபீஸும், ஆபீஸ் என்று ஒப்பந்தக்காரரும் இருந்துவிட்டார்களாம். பழைய செடிகளைக் கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கீழே கையைக் காட்டினார்.

அடித்தளத்தில் குப்பை அறைக்குப் பக்கத்தில் குவித்திருந்தார்கள். தொட்டிகள் தேவைப்பட்டதால் செடிகளை மட்டும் பிடுங்கியிருந்தார்கள். வேர்கள் வெளியே காய்ந்து கிடந்தன. ரப்பர் செடியின் தண்டு ஒடிந்து, வடிந்த பால் வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் அழவில்லை. அழ வேண்டும் என்பதே தோன்றவில்லை. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று கை தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு நிர்வாக அதிகாரி கூப்பிடுவதாக ஆள் வந்தது. மண் கையோடு மேலே போனாள். முதல் தொட்டியருகே நின்ற அதிகாரியின் பக்கத்தில், புதுச் செடிகளைப் படமெடுக்க வந்த கம்பெனிக்காரப் பெண் முதுகைக் காட்டி நின்றாள். அந்தப் பின்னலைக் காலையில் போட்டுவிட்டவள் இவள்தான்.

அதிகாரி ஈரக் கம்பளத்தைக் காட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், எங்க செடியக்காவே ஏமாந்துட்டாங்க. இதுக்கு மேல என்ன சான்று வேணும்? நீங்க எழுதிக் குடுத்த மாதிரி, இனி பராமரிப்பே தேவையில்ல."

மகள் திரும்பினாள். முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையை. அதில் இருந்த ஒரே சொல்லை அவள் வாசிப்பது இவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த கேமரா வாரில் தொங்கியது.

தெரியாதது போல நின்றுவிடலாம் என்று இவள் நினைத்தாள். மகளின் வேலையாவது தங்கட்டும். கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அந்தப் பழுத்த இலை யோசனை உங்களுக்கு எப்படி மேடம் வந்தது?" என்றார் அதிகாரி.

"எனக்கு வரல சார். இவங்க சொன்னது." மகள் அம்மாவின் பக்கம் வந்து நின்றாள். "இவங்க எங்க அம்மா."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. கம்பளத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒரு வழியாக, செயற்கைச் செடியிலும் தூசி படியும், மாதம் ஒருமுறை வந்து துடைத்துக்கொடுக்கலாமே என்று இழுத்தார்.

"துடைக்க யாரு வேணா வரலாம் சார். கீழ கெடக்கறதுல ஒன்பது பொழைக்கும். அத மட்டும் நான் எடுத்துக்கறேன்" என்றாள் செடியக்கா. அட்டையைக் கழற்றி, ஈரக் கம்பளத்தைத் தாண்டிப் போய் மேசையில் வைத்தாள்.

கம்பெனியின் மாதிரி இலைகளை மகள் கொண்டுவந்திருந்த பையைக் காலி செய்து, ஈரத் துணியில் சுற்றிய ஒன்பது செடிகளை அதில் நிறுத்தினார்கள். வெயிலுக்கு வந்ததும் மகள், "ஒரு தடவையாவது மீன் ஆபீஸோட நெஜப் பேரு என்னன்னு நான் கேட்டிருக்கணும்மா" என்றாள்.

"கேட்டிருந்தாலும் எனக்கு எங்கடீ தெரியும்?"

சொன்ன பிறகுதான் அது செடியக்காவுக்கே உறைத்தது. பதினொரு வருஷம். திரும்பி, கட்டடத்தின் நெற்றியில் இருந்த பெரிய எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு, வாசி."

மகள் வாசித்தாள். செடியக்கா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை. பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுபடியும் சொன்னாள்.