காது கிழிந்த நம்பர் பிளேட்

வேண்டுமென்றே மாற்றி மாட்டினாளாம். சரி, எதற்காக? நம்ம தெருவில் கேட்டால், அன்புச்செல்வனைப் போலீஸில் சிக்கவைக்கத்தான் தங்கமணி அப்படிச் செய்தாள் என்கிறார்கள். மாதா கோயில் தெருவில் கேட்டால், அன்புச்செல்வனைக் காப்பாற்றிக் கிறிஸ்துதாஸை உள்ளே தள்ளத்தான் செய்தாள் என்கிறார்கள். ஒரே ஒரு நம்பர் பிளேட்டை மாட்டி ஒருத்தனைக் கவிழ்க்கவும் வேண்டும், அவனையே காப்பாற்றவும் வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு மூளை வேண்டும்? அவ்வளவு மூளை இருக்கிறவள் எதற்குத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கப் போகிறாள்?

இன்னொரு பேச்சும் உண்டு. அவளுக்கு மரை கழண்டுவிட்டதாம். குழாயடியில் பச்சையம்மாள் ஆரம்பித்தது அது. எந்தப் போல்ட்டில் மரை தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துப் பிழைக்கிறவளைப் பார்த்து அந்தச் சொல்லா வர வேண்டும்? நடந்தது இன்னது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

தங்கமணி திருநாவலூர்ப் பெண். பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருக்கிறாள், மாட்டை ஓட்டிக்கொண்டு. செல்லமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். கச்சிராயபாளையம் போகிற சாலையில் அவனுக்கு ஒரு பட்டறை இருந்தது. மலைக்கு ஏறி இறங்குகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். கரியாலூர்ப் பாதையில் குலுங்கிக் குலுங்கி எந்த வண்டிக்கும் முதலில் விட்டுப்போவது நம்பர் பிளேட்டுதான். ஒரு பக்கத்துத் திருகு எங்கேயோ விழுந்திருக்கும், பிளேட் இன்னொரு திருகில் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டு வரும்.

செல்லமுத்து நல்ல வேலைக்காரன்தான். ஆனால் டீக்கடைக்குப் போனால் அங்கே நடக்கிற பேச்சு முடிகிற வரைக்கும் வர மாட்டான். வந்த வண்டி நிற்குமே என்று இவள் திருப்புளியைக் கையில் எடுத்தாள். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் கழலும் என்று ஆரம்பத்தில் குழம்பினாள். பிறகு தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். கோயிலைச் சுற்றுகிற பக்கம் சுற்றினால் இறுகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழலும். அதற்கப்புறம் அவள் கைக்குக் குழப்பம் வரவில்லை.

பிளேட் ஆடுகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும், "நல்லா இறுக்கிக் குடும்மா" என்றுதான் சொல்வார்கள். இறுக்கினால் நிற்காது. துளை பெரிசாகியிருக்கும், திருகு அதற்குள் நீச்சல் அடிக்கும். தங்கமணி பிளேட்டின் பின்னால் தகரப் பட்டை வைப்பாள், புதுசாகத் துளை போடுவாள், சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷருக்குக் கீழே கொடுப்பாள், உள்பக்கம் நட்டின் மேல் இன்னொரு நட்டைப் போட்டு இறுக்குவாள். அப்புறம் மலையே ஆடினாலும் அது ஆடாது.

படிக்கத் தெரியாதவள் பிளேட்டை எப்படி அடையாளம் வைத்துக்கொள்வாள்? செல்லமுத்துவே ஒருநாள் கேட்டான்.

"ஏம்மே, நாலஞ்சு பிளேட்டு ஒண்ணா கெடந்தா எது எந்த வண்டிதுன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"உங்க மாட்டை உங்களுக்கு எப்படித் தெரியுது? நெத்தியில நம்பர் எழுதியா வச்சிருக்குது?"

அப்படித்தான். ஒன்றுக்கு மூலை மடங்கியிருக்கும், ஒன்றுக்குத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், ஒன்றில் ஒரு திருகு பெரிய தலை, ஒரு திருகு சின்னத் தலை. அவள் எழுத்தைப் பார்க்க மாட்டாள், காயத்தைப் பார்ப்பாள்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருசம் வந்தது. சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டார்கள், பஸ் ஓடவில்லை. நம்ம தெருவே சாலையில்தான் உட்கார்ந்திருந்தது. தங்கமணியும் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள், ஒரு மரம் மாதிரி உட்கார்ந்தாள், யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் போலீஸ் வண்டிகளை மறித்து நம்பர் பார்க்க ஆரம்பித்தது. நம்பர் சரியாகத் தெரியாத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாரும் பட்டறைக்கு ஓடிவந்தார்கள். செல்லமுத்துவோ பட்டறைப் பக்கமே வருவதில்லை. அன்புச்செல்வன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் அன்புச்செல்வன். நிலம், டிராக்டர், வெள்ளை அம்பாசடர். தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கு மத்தியானம் கிறிஸ்துதாஸ் சைக்கிளில் வந்தான். மாதா கோயில் தெருக்காரன். அவனிடமும் ஒரு வெள்ளை அம்பாசடர் உண்டு, பழசு. கல்யாணம், ஆஸ்பத்திரி என்று தெரிந்தவர்களை ஏற்றிக்கொண்டு போவான். கையில் பின்பக்கத்து நம்பர் பிளேட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மலையில் கழன்று விழுந்திருக்கிறது. ஒரு பக்கத்துத் துளை ஓரம் வரைக்கும் கிழிந்து போயிருந்தது.

"கம்மல் இழுத்துக் காது கிழிஞ்ச மாதிரி இருக்குதே" என்றாள் தங்கமணி.

"தச்சுக் குடுங்கக்கா. இது இல்லாம வண்டியை வெளிய எடுக்க முடியாது. வூட்லயே நிக்குது. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் அன்புச்செல்வனின் கார் வந்தது. பின் பிளேட் தடதடவென்று ஆடியது. ஒரு போல்ட் துருவேறி இறுகி, கழற்றும்போதே முறிந்தது. "கழட்டி வேலையைப் பாரு, இதோ வந்துட்டேன்" என்று வண்டியை விட்டுவிட்டு அவர் டீக்கடைக்குப் போனார்.

இரண்டும் ஒரே அளவு, கறுப்பில் வெள்ளை எழுத்து. தங்கமணி கிழிந்த காதை வெட்டி எடுத்தாள். துளை தேய்ந்த மற்றதன் ஓரத்தையும் அதே அளவுக்கு வெட்டினாள். இரண்டுக்கும் பின்னால் ஒரே மாதிரித் தகரப் பட்டை வைத்தாள். துளை கோணலாகப் போகக் கூடாது என்று ஒன்றின் மேல் ஒன்றை வைத்து இடுக்கியில் பிடித்து, இரண்டுக்கும் சேர்த்தே துளை போட்டாள். ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் தடவினாள். காது கிழிந்ததும் இல்லை, துளை தேய்ந்ததும் இல்லை. பார்த்தால் இரட்டைப் பிள்ளை. நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே சந்தோசம். மேலே இருந்தது அன்புச்செல்வனுடையது என்று நினைத்து எடுத்தாள். இடுக்கியில் வைக்கும்போது மேலே இருந்ததைக் கீழே மாற்றி வைத்தோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்புச்செல்வன் வந்தார். மாட்டியதைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "பலே" என்றார். எழுதப் படிக்கத் தெரிந்த மனுசர்தான். ஆட்டிப் பார்த்தார், படித்துப் பார்க்கவில்லை. தன் வண்டி நம்பரைத் தானே யார் படிக்கிறார்கள்?

பொழுது சாயும் நேரத்துக்குச் சாலையில் ஒரு புளியமரத்தை அறுத்துச் சாய்த்துவிட்டு ஒரு வெள்ளை அம்பாசடர் பறந்தது. பின்னாலேயே சைக்கிளில் வந்த பால்காரர் மரத்தில் மோதி விழுந்து இடுப்பு ஒடிந்து போனார். ஓடுகிற வண்டியின் பின் நம்பரைப் போலீஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிறிஸ்துதாஸின் மனைவி பாக்கியம் கைக்குழந்தையோடு பட்டறைக்கு ஓடிவந்தாள். செருப்பு இல்லை, தலை வாரவில்லை.

"அக்கா, அவரைப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. மரத்தை வெட்டினது எங்க வண்டியாம். எங்க நம்பராம். வண்டி வூட்லதான் நிக்குதுன்னு காட்டினா, பின்னாடி பிளேட்டு எங்க, கழட்டி ஒளிச்சிட்டியான்னு கேக்கறாங்க. பட்டறையில இருக்குதுன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

தங்கமணிக்கு மூச்சு லேசாயிற்று. "இதுக்கா இப்படி ஓடியாந்த? பிளேட்டு என்கிட்டதான நேத்துலேந்து கெடக்குது. எடுத்துக்கினு போய்க் காட்டு. இரு."

உள்ளே போய் எடுத்துவந்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பாக்கியம் எட்டாவது வரைக்கும் படித்தவள். வாங்கிப் பார்த்தாள். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, இது எங்களுது இல்ல."

"நல்லாப் பாரு."

"எங்களுது முடியற எடத்துல ரெண்டு சைபர் வரும். இதுல ஏழு இருக்குது."

தங்கமணி பிளேட்டைத் திரும்ப வாங்கினாள். எழுத்தை அல்ல, காதைத் தேடினாள். கிழிசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் புதுத் தகரம். அவளே வைத்தது. தடவிப் பார்த்தாள், ஒரு பிசிறு கூட இல்லை. கழன்ற பல்லைத் தேடுகிற நாக்கு மாதிரி அவள் விரல் அந்த ஓரத்திலேயே போய்ப் போய் வந்தது. தனக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள்.

"இது அன்புச்செல்வன் அண்ணனுது" என்றாள். "உன்னுதை அவரு வண்டியில மாட்டிட்டேன்."

பாக்கியம் அழவில்லை, திட்டவுமில்லை. "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. மாட்டின நீங்கதான் ஸ்டேசனுக்கு வந்து சொல்லணும்" என்றாள்.

"வூட்ல சொல்லிட்டு வரேன், வா" என்று தங்கமணி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே செல்லமுத்து இருந்தான். முந்தின நாளிலிருந்து ஆளைக் காணோம், தெருவில் மற்ற ஆம்பளைகள் மாதிரிப் போலீஸுக்குப் பயந்து மலைப்பக்கம் ஒளிந்திருப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் தோட்டத்து வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பாக்கியத்தை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பிளேட்டைக் குடு" என்றான் செல்லமுத்து. "அண்ணன் பாத்துட்டாரு, பின்னாடி வேற நம்பர் இருக்குதுன்னு. சாமியே வழி வுட்டுச்சுன்னு சிரிக்கிறாரு. அதைக் கெணத்துல போட்டுட்டா முடிஞ்சுது."

"கிறிஸ்துதாஸு உள்ள கெடக்கிறான்."

"நாலு நாள் வச்சிருந்து வுட்டுருவாங்க."

"இடுப்பு ஒடிஞ்சு ஒரு மனுசன் கெடக்கிறாரு. ஆளு யாருன்னு கேக்க மாட்டாங்களா? அண்ணன் செஞ்சா அண்ணன் போவட்டும்."

செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "ரம்பத்தோட இன்னொரு கைப்புடியைப் புடிச்சது நான்தான்" என்றான்.

அவன் லுங்கி மடிப்பில் இன்னும் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தங்கமணி அப்போதுதான் பார்த்தாள். அவனுக்குச் சோறு போட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, ஏன் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

"நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதான இவ்வளவும்" என்றான் அவன். "நீ நாலு எழுத்து படிச்சிருந்தா இந்தத் தப்பே நடந்திருக்காது."

"நடந்திருக்காதுதான். அதுக்குத்தான் நானும் ரோட்ல ஒக்காந்தேன். அதையும் இதையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க. திருகினது நான். நான்தான் போய்ச் சொல்லணும்."

"என் பேரைச் சொல்லுவியா?"

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. "பிளேட்டு சேதியைச் சொல்லுவேன். வண்டியில யாரு இருந்தாங்கன்னு கேட்டா, அதையும் சொல்லுவேன். நீங்களே கூட வந்து சொன்னா நான் வாயைத் தொறக்க வேணாம்."

அவன் எழுந்திருக்கவில்லை.

மாமியார் ஆயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் வாசற்படியின் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"போறவ என்னைத் தாண்டிப் போ" என்றாள்.

பெரியவர்களைத் தாண்டக் கூடாது. தங்கமணி கால் எடுத்து வைக்க மாட்டாள் என்று ஆயம்மாளுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு நாளும் அவள் அந்த மரியாதையை விட்டதில்லை.

"எழுந்திருங்க அத்தே. தரை சில்லுனு இருக்குது, மூட்டு வலிக்கும்."

"வலிக்கட்டும்."

தங்கமணி பிளேட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். குனிந்து, ஒரு கையை மாமியாரின் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினாள். கிழவி ஒன்றும் கனமில்லை. தூக்கிக்கொண்டு போய் மகனுக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தாள். விலகிய புடவையைச் சரி செய்தாள். ஆயம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு வடிச்சு வச்சிருக்குது. ரெண்டு பேரும் சாப்புடுங்க" என்றாள் தங்கமணி.

பிளேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. பாக்கியம் பக்கத்தில் வந்து, அவள் கையிலிருந்ததைப் பார்த்து, "அக்கா, தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றாள். அதை நேராகத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள்.

தங்கமணி நடந்தாள்.