ஆர்க்கிட்டின் சிவப்புப் புள்ளிகள்

மேனகா வரைந்த பூவெல்லாம் மணப்பெண் மாதிரி இருக்கும். ஏற்காட்டு விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை. கோணலாக எதையும் விடாது. சேர்வராயன் மலைக் காட்டுப்பூக்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் சேலத்துப் பேராசிரியர் ஜாபெஸ், அதற்கு அவள் வரைந்த படங்கள் இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பூவுக்கு அலங்காரம் பண்ணாதீங்கம்மா. இருக்கறதை வரைங்க. மூணாவதும் இப்படியே வந்தா வேற ஆளைத்தான் பாக்கணும்."

தலைச்சோலைக் கிராமத்து வீட்டில் அவள் மாமியார் அத்தாயியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அத்தாயிக்கு இடுப்பெலும்பு முறிவு. வாய்க்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது படத்துக்காக மேனகா காப்பித் தோட்ட ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் ஆர்க்கிட்டைக் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் நகமளவு பூ. அதை டம்ளரில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

"ஏனுங்க நர்சம்மா, ஊட்டுக்கு வந்த பூவைச் சாமிக்கு வெக்காம டம்ளர்ல நிறுத்தியிருக்கறா பாருங்க!"

நோயாளியோடு வாதாடினால் ரத்த அழுத்தம் ஏறும், எனக்கு. பூவைச் சேர்வராயன் சாமி படத்தில் ஐந்து நிமிடம் செருகிவிட்டு மறுபடி டம்ளரில் வைத்தேன். மேனகாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் லென்ஸும் கையுமாக உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்து, செல்போனில் படமெடுத்து அனுப்பினாள். ஜாபெஸ் போனிலேயே குதித்தார்.

"உதடு மாதிரி இருக்கற இதழ்ல சிவப்புப் புள்ளி! இதை இதுவரைக்கும் யாருமே எழுதினதில்லீங்கம்மா!"

அது சாமி படத்துக் குங்குமம். மேனகாவிடம் சொல்லிவிட்டேன்.

"சாமியே வெச்ச பொட்டு. இருந்துட்டுப் போவுது, உடு கண்ணு," என்றார் அத்தாயி.

"சாமிக்கென்னங்க அத்தை? பொஸ்தகத்துல எம்பேரைத்தான போடுவாங்க!"

மேனகாவே போன் போட்டு உண்மையைச் சொன்னாள். ஜாபெஸ் உடனே ஒரு வழி சொன்னார்.

"சரி, அதைச் சுரண்டிட்டு மஞ்சள் அடிச்சிடுங்க. மத்த இதழெல்லாம் மஞ்சள்தானே?"

"குங்குமத்துக்கு அடியில என்ன நிறம்னு நான் பாக்கலீங்க சார். பாக்காததை எப்படிங்க அடிக்கறது?"

பறித்த பூ, கெடாமலிருக்க அவள் போட்டுவைத்த ஸ்பிரிட் புட்டிக்குள் வெளுத்துக் கிடந்தது. தோட்டத்தில் மிச்சமிருந்தவற்றை மழை அழுகவைத்துவிட்டது.

"இதைத்தாம்மா மூணு மாசமாக் கேட்டுட்டு இருக்கேன்," என்றார் ஜாபெஸ். "அந்த இடத்தை வெறுமனே விடுங்க."

புத்தகம் வந்தது. இதழின் நடுவில் வெள்ளைத் திட்டு. கீழே சிறிய எழுத்தில், 'இவ்விடத்து நிறம் பார்க்கப்படவில்லை. வரைந்தவர்: மேனகா.'

அத்தாயி கண்ணாடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நடுவுல பெயிண்டே அடிக்காம உட்டுட்டா. இவளுக்குப் போயி பேரைப் போட்டிருக்கறாங்களே!"

அன்று சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து ஐந்து வீட்டாரையும் கட்டிலருகே கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிக் குறை சொல்லி முடித்துவிட்டார்.