டர்போ கேட்டு வந்தவர்

அந்தப் பட்டறைக்கு முதல்முறையாக வருகிறவர்கள், உள்ளே ஏதோ குடும்பச் சண்டை நடக்கிறது என்று நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். பழகியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். சண்டைதான், ஆனால் குடும்பத்தைப் பற்றியதல்ல. பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற ஸ்போர்ட்ஸ் காரின் பலத்தை எந்த வழியில் கூட்டுவது என்பதுதான் வழக்கு.

புருஷன் டர்போ கட்சி. புகையாக வெளியே போகும் காற்றைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் புதுக் காற்றை என்ஜினுக்குள் திணிக்கிற சங்கதி அது. யார் என்ன வண்டியோடு வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான் என்பதால் எல்லாருக்கும் அவர் டர்போ அண்ணன். மனைவி எதிர்க்கட்சி. அவளை எல்லாரும் டைனோ அக்கா என்பார்கள். காரைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகளின்மேல் ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்று கணினித் திரையில் காட்டும் இயந்திரத்துக்கு டைனோ என்று பெயர். அதை ஓட்டுவதும், திரையைப் பார்த்து என்ஜினின் மூளைக்குப் புத்தி சொல்வதும் அவள் வேலை.

கல்யாணத்துக்கு முன்பும் அவள் ஒரு வாகனத் தொழிற்சாலையில் இதே வேலையைத்தான் பார்த்தாள். அவர் அங்கே மெக்கானிக். தான் கோத்த என்ஜினுக்கு எதிர்பார்த்த எண் வரவில்லை என்று சோதனைக் கூடத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்து, "உங்க மெஷின் பொய் சொல்லுது" என்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. என்ஜினைக் கோத்தவங்களைத்தான் விசாரிக்கணும்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகும் அது பாட்டுக்கு நடந்தது.

பின்னால் நின்ற அந்த இரண்டு இருக்கை வண்டியை, என்ஜின் செத்த நிலையில், சிவப்பெல்லாம் வெளிறி ரோஜா நிறமாகிவிட்ட கோலத்தில் இருவரும் ஆசைப்பட்டு வாங்கினார்கள். என்ஜினை இறக்கிப் பிரித்துக் கழுவி, ஒரு தாங்கியில் ஏற்றித் துணி போட்டு மூடினார்கள். அத்தோடு வேலை நின்றது. ஏனென்றால் அடுத்து வாங்க வேண்டியது பிஸ்டன். டர்போவுக்கு ஒரு வகைப் பிஸ்டன், டர்போ இல்லாமல் பலம் கூட்ட வேறு வகை. இரண்டு பேரில் ஒருவர் இறங்கி வந்தால்தான் வாங்க முடியும்.

"காத்த உள்ள திணிச்சா அது என்ஜினாங்க? அது பலூன்" என்பாள் அவள். "என்ஜின் ஹெட்டுல காத்து போற வழியைச் சீராக்கலாம். வால்வைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்டை நல்லதா மாத்தலாம். மிதிச்ச உடனே கேக்கும். கால் ஒரு இடத்துலயும் என்ஜின் ஒரு இடத்துலயும் இருக்காது."

"எத்தனை எச்.பி. கூடும்? கை விரலை விட்டு எண்ணலாம்" என்பார் அவர். "டர்போன்னா முதுகுல கை வெச்சு ஒரு தள்ளு தள்ளும் பாரு."

"மிதிச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்தா தள்ளும்."

வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சாப்பிடும்போதும் இதே பேச்சு. மகள் சின்ன வயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். அவள் படித்து முடித்து வேலைக்கு வேறு ஊர் போன பிறகும் தார்ப்பாய் அப்படியேதான் இருந்தது.

அவருக்கு முதலில் ஞாபகம் தப்பியது ஒரு வாடிக்கையாளரின் வண்டியில். எண்ணெய் மாற்றிவிட்டு, வடிக்கிற போல்ட்டை இறுக்காமல் அனுப்பிவிட்டார். வழியெல்லாம் எண்ணெய் சிந்தி, நெடுஞ்சாலையில் என்ஜின் இறுகி நின்றது. "நான் இறுக்கினேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். இறுக்கிய போல்ட்டில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். அவள் அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது புள்ளியைக் காணவில்லை. அவள் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மரை தேஞ்சிருக்குங்க, உங்க தப்பில்ல" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தைப் பற்றி அவரிடம் பொய் சொன்னாள்.

பிறகு சின்னச் சின்னதாக வந்தது. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். வந்தவரை யார் என்று கேட்டு, உட்காரவைத்து, திரும்பவும் யார் என்று கேட்டார். டாக்டரிடம் போனார்கள்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றார் டாக்டர்.

"அதுக்குத்தானே காலண்டர் அடிச்சு விக்கிறாங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு டாக்டர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்த முறை டர்போ அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி.

வெளி வேலை எடுப்பதை அவள் குறைத்துக்கொண்டாள். பட்டறைக்கு அவரைத் தினமும் கூட்டிவந்து, அவர் பழகிய நாற்காலியில் உட்காரவைப்பாள். பேச்சு கொடுத்துக்கொண்டே இருக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சுக்கா பஞ்சம் என்று நினைத்து, ஒருநாள் காலையில் வேண்டுமென்றே வாயைக் கிளறினாள்.

"என்னங்க, பேசாம நான் சொல்ற மாதிரி கேம் ஷாஃப்டே போட்டுடலாமா?"

"போடேன்."

"என்னது?"

"உனக்கு எது சரின்னு படுதோ, அதையே போடு."

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நொடி மனம் துள்ளியது. பிஸ்டன் விற்பவனின் எண்ணைத் தேடிப் போனையும் எடுத்துவிட்டாள். அப்புறம்தான் அவர் முகத்தைக் கவனித்தாள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எதைப் பற்றிய பேச்சு என்பதே அவர் பிடியில் இல்லை. விருந்தாளி மாதிரி மரியாதையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போனை வைத்துவிட்டு டைனோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒரு நொடி சந்தோஷப்பட்டோமே என்று நினைத்தபோதுதான் அழுகை தாங்கவில்லை.

மகள் போனில், "அந்த வண்டிய வித்துடும்மா. பட்டறையை மூடிட்டு ரெண்டு பேரும் என்கிட்ட வந்துடுங்க" என்றாள். "பாக்கலாம்" என்றாள் அவள். அவள் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள். மகளுக்கும் அது தெரியும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் ஒரு வண்டியின் அளவுகளைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் யாரோ செருமினார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றார்.

"டைனோ அக்காங்கிறது நீங்கதானே?"

ஊரெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிடும், அவர் மட்டும் கூப்பிட்டதில்லை. கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த 'நீங்க' கேலி மாதிரி இல்லை.

"நான்தான். சொல்லுங்க."

"பின்னாடி ஒரு ரெண்டு சீட்டு வண்டி நிக்குதே, அது நம்ம வண்டிதான். அதுக்கு டர்போ போடணும்." திரும்பி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது."

அவள் கணினியிலிருந்து கையை எடுத்தாள். "ஏன்?" என்றாள்.

"ஒத்துக்க மாட்டா. பிடிச்ச பிடியிலயே நிப்பா. அவளும் உங்க தொழில்தான்க்கா. பெரிய கெட்டிக்காரி. சத்தத்தைக் கேட்டே என்ஜினுக்கு என்ன நோவுன்னு சொல்லிடுவா."

"அவ்வளவு தெரிஞ்சவங்கன்னா அவங்க சொல்றபடி செய்யலாமே?"

"அவ சொல்றது தப்புன்னு நான் எங்க சொன்னேன்? சரியாத்தான் சொல்வா." மோவாயைத் தடவிக்கொண்டார். "நான் ஒத்துக்கிட்டேன்னு வைங்க, வண்டி உடனே முடிஞ்சுடும். அப்புறம் சாப்பிடும்போது ரெண்டு பேரும் எதைப் பேசறது?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னன்னா, எனக்கு ஞாபகம் சரியில்லையாம். டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு தடவை ஓட்டிக் காட்டிடணும். எப்ப ரெடியாகும்?"

"சீக்கிரம் முடிச்சுடறேன்."

"அவகிட்ட?"

"மூச்சு விட மாட்டேன்."

அவர் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வெளியே போனார். பட்டறையைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இன்னைக்கு டீ கிடையாதா?"

மறுநாளே அவள் பிஸ்டனுக்குச் சொன்னாள். டர்போவுக்கான பிஸ்டன். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரிய டர்போவாகப் போட்டால் எச்.பி. எகிறும், ஆனால் அது சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும். சின்னதாகப் போட்டால் சட்டென்று தள்ளும், மேலே போகப் போக மூச்சு வாங்கும். இத்தனை காலம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாக நினைத்த அவருடைய வாதங்கள் ஒன்றுவிடாமல் அவளுக்குள் இருந்தன. நடுத்தரமாக ஒன்றைத்தான் அவர் எப்போதும் சொல்வார். அதையே எடுத்தாள். சூடான காற்றைக் குளிர்விக்கும் பெட்டியை முன் பம்பருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். முன்பு அதை எதிர்த்து அரை நாள் வாதாடியிருக்கிறாள். இப்போது பேசாமல் அங்கேயே வைத்துப் பொருத்தினாள். கூடுதல் பலத்தைத் தாங்குகிற மாதிரி கிளட்சையும் மாற்றினாள்.

அவர் டார்ச் பிடிப்பார். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. அவளுக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே சரியாக விழும்.

"யாரு வண்டி இது?" என்பார்.

"ஒரு வாடிக்கையாளரோடது."

"டர்போவா போடச் சொன்னான்?"

"ஆமா."

"விவரமான ஆளு."

அவள் காருக்கு அடியில் படுத்தபடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. முகத்தில் எண்ணெய் பட்டுவிட்டதென்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

வண்டியை டைனோவில் ஏற்றிய அன்று அவரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து, காதுக்குப் பஞ்சும் வைத்துவிட்டாள். முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி மெதுவாக ஓடவிட்டு அளவுகளைத் திருத்தினாள். எல்லாம் சரி என்று தெரிந்ததும் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாள். ஒரு கணத் தயக்கம். பிறகு டர்போ சீறிக்கொண்டு எழுந்தது. திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. வண்டி பிறந்தபோது இருந்த பலத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் எப்போதும் அடித்துச் சொன்ன எண்ணுக்கு வெகு பக்கத்தில்.

பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியில் இல்லை. சுவர் மூலையில் ஒடுங்கி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார்.

அவள் காலை எடுத்துவிட்டு ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். உருளைகள் வேகம் குறைந்து நிற்கும்வரை அவர் நிமிரவில்லை.

"அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். "அவ தேடுவா."

"வாங்க. நான் கொண்டுபோய் விடறேன்."

வீட்டு வாசலில் அவர் அவளை நிறுத்திவிட்டார். "நீங்க கிளம்புங்கக்கா. உங்களைப் பாத்தா வண்டி விஷயம் கேப்பா" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் படியில் உட்கார்ந்தாள். உள்ளே அவர் ஒவ்வொரு அறையாகப் போய் அவளைக் கூப்பிடுவது கேட்டது. எழுந்து கதவைத் தட்டி, "இதோ வந்துட்டேங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அடுத்த மழைக்காலம் வரைதான் இருந்தார். டர்போவின் வேகத்தைக் கணினியில் வெகுவாகக் குறைத்துவிட்டு, காலை நேரங்களில் அந்த வண்டியிலேயே அவரை மெதுவாகச் சுற்றிக்காட்டினாள். ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். மழையில் வந்த சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் அவளை எந்தப் பெயராலும் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

வந்தவர்களெல்லாம் போன பிறகு மகள் மட்டும் தங்கினாள். ஒருநாள் அவளே, "அந்த வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்றாள். டைனோ அக்கா வண்டியில் கணினியைச் செருகி, குறைத்து வைத்திருந்ததையெல்லாம் பழையபடி ஏற்றினாள். ஊருக்கு வெளியே சாலை நீண்டு கிடந்த இடத்தில் மிதித்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள்.

மகள் கத்திச் சிரித்தாள். "நல்லா இருக்குல்லம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. அவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

மகளின் சிரிப்பு உடைந்து விம்மலாயிற்று. டைனோ அக்கா வேகத்தைக் குறைத்து, மண்ணில் இறக்கி ஓரமாக நிறுத்தினாள்.

"அணைச்சிடும்மா, சத்தம் வேண்டாம்."

"டர்போ போட்ட வண்டியை ஓட்டிட்டு உடனே அணைக்கக் கூடாது. உள்ள கொதிச்சுக் கிடக்கும். எண்ணெய் ஓடி ஓடித்தான் ஆறணும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சாவியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது.