போலந்துக் கோயிலில் வாசித்த பெயர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் லண்டனில் இருந்தோம் என்பது பாதிதான் உண்மை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் அப்பா அப்படித்தான் எழுதினார். லண்டனின் ஓரத்திலிருக்கும் சட்டனிலிருந்து பஸ் எடுத்து, கடைசித் தரிப்பில் இறங்கி, வயல்களுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்தால்தான் எங்கள் வீடு வரும். அந்த இடத்துக்கென்று ஒரு சபையோ கடையோ கிடையாது. வரைபடத்திலும் பெயர் இல்லை. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காகக் கட்டிய பன்னிரண்டு தகரக் கொட்டில்கள், பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போல வரிசையாக நின்றன. யுத்தம் முடிந்தும் நாட்டுக்குத் திரும்ப முடியாத போலந்துச் சிப்பாய்கள் குடும்பங்களோடு அங்கே குடியேறினார்களாம். சில மாதங்களுக்கு என்று வந்தவர்கள் நாற்பது வருடமாக அங்கேயே இருந்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து நகரத்துக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்த ஒரு கொட்டில் எங்களுக்குக் கிடைத்தது. நாங்களும் கத்தோலிக்கர் என்பதுதான் எங்களுக்கிருந்த ஒரே சிபாரிசு. கடைசிக் கொட்டிலைக் கோயிலாக்கி வைத்திருந்தார்கள். ஞாயிறுகளில் ஒரு போலந்துச் சுவாமி வந்து அவர்களுடைய பாஷையில் பூசை வைப்பார். ஒரு சொல்லும் விளங்காமல் நாங்கள் மூவரும் கடைசி வரிசை வாங்கில் முழந்தாளிட்டு இருப்போம்.

அண்ணையை மன்னாரில் மாமாவோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். பள்ளிக்கூடச் சோதனை முடிந்ததும் கூப்பிடுவதாக ஏற்பாடு. அந்த வருடம் பங்குனியில் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது: காணேல்லை. என்னுடைய கையுறையும் வண்ணப் பென்சிலும் காணாமற்போய்த் திரும்பக் கிடைத்திருந்தபடியால், அந்தச் சொல் என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை.

அம்மா தபாற்காரனுக்காக வாழ்ந்தார். தபாற்காரன் வராத நாட்களில் சமைக்கவும் மறந்துபோவார். ஐப்பசியில் ஒருநாள், அண்ணை வந்தால் கட்டில் போட இடம் வேண்டுமென்று மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த அப்பா, கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையைத் தள்ளினார். பிறகு அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகை மாதம் தொடங்கியதும் அந்தச் சின்ன ஊருக்கே ஒரு பரபரப்பு வந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த போலந்து அன்ரி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர், கண்ணாடிக் குவளைகளில் மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். எல்லாரும் பெயர் எழுதிய துண்டுகளை அதற்குள் போட்டார்கள். அது எதற்கென்று கேட்டேன். அன்ரியின் ஆங்கிலம் எங்கள் அம்மாவுடையதைவிடக் கொஞ்சம்தான் மேல். இப்போது எங்களோடு இல்லாதவர்களின் பெயர்கள், சுவாமி வாசிப்பார், எல்லாரும் அவர்களுக்காகச் செபிப்போம் என்று சொன்னார்.

எங்களோடு இல்லாதவர் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். வரைதல் கொப்பியில் ஒரு மூலையைக் கிழித்து, அண்ணையின் பெயரைச் சிவப்புப் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதினேன். சுவாமிக்குப் பிடிக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு பூவும் கீறினேன். இத்தனை பேர் சேர்ந்து கேட்டால் அண்ணை நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே வந்துவிடுவான் என்பது என் கணக்கு. அம்மாவுக்கு அது ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிவில் சுவாமி துண்டுகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். வாய்க்குள் நுழையாத நீளப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் சனம் தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியால் கண்ணைத் துடைத்தார். ஒரு துண்டை எடுத்த சுவாமி தடுமாறினார். எழுத்தெழுத்தாகக் கூட்டி அண்ணையின் பெயரை வாசித்தார். உச்சரிப்பு கோணலாக இருந்தது, ஆனாலும் அது அண்ணையின் பெயர்தான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

அம்மா எழும்பிவிட்டிருந்தார். நடு வழியால் பீடம் வரைக்கும் நடந்துபோய்க் கையை நீட்டினார்.

"சுவாமி, என்ரை பிள்ளை சாகேல்லை. அந்தத் துண்டைத் தாங்கோ."

தமிழில்தான் சொன்னார். சுவாமிக்கு அது விளங்கியிருக்க வழியில்லை. ஆனால் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைக் கொடுத்தார். அப்பா எழும்பவில்லை. முன்னாலிருந்த வாங்கைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், பொத்திய கையைத் திறக்காமலே.

"ஆர் இதை எழுதினது?"

"நான்தான் அம்மா," என்றேன்.

அன்றுதான் அம்மா எனக்கு முதன்முதலாக அடித்தார். ஒரு அடி. பிறகு கட்டிலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிலத்தில் அமர்ந்து, சத்தம் வராமல் அழுதார். அப்பா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றார். அம்மா அந்தத் துண்டை என்னிடம் எறிந்து, கிழித்துப் போடச் சொன்னார்.

கசங்கியதை விரித்தேன். பூவும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. பெற்றோல் ஷெட்டின் பற்றுச்சீட்டுப் பின்புறத்தில் நீல மையில், அப்பாவின் சாய்ந்த எழுத்தில் அண்ணையின் பெயர் இருந்தது. நிமிர்ந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தேன்.

ஆவணியிலேயே மாமா பெற்றோல் ஷெட்டுக்கு ரெலிபோன் எடுத்து அண்ணையின் உடல் கிடைத்ததைச் சொல்லியிருந்தார் என்பதும், அடக்கம்கூட முடிந்துவிட்டது என்பதும், அம்மா அதைக் கேட்கும் திடமில்லாதவர் என்று அப்பா தனியே சுமந்துகொண்டு திரிந்தார் என்பதும் எனக்கு இருபது வயது தாண்டித்தான் தெரிந்தது. அன்றைக்கு எட்டு வயதுக்கு எட்டியது வேறு. மறுநாள் காலை என்னைப் பஸ் தரிப்புக்குக் கூட்டிப்போன அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நானும் எழுதிப் போட்டனான் அப்பா. ரெண்டு பேர் கேட்டால் அண்ணை கெதியா வருவான், என்ன?"

அப்பா நடுவழியில் நின்றுவிட்டார். பஸ்ஸைத் தவறவிடப் போகிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.