சொர்ணலட்சுமியின் மூக்கு

சாணார்பட்டி பக்கம் செக்கு வைத்திருக்கும் வேலுசாமி, கொப்பரையின் ஈரம் பார்க்க ஒரு கருவி வாங்கினார். அது உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அவரிடம் வேலை பார்க்கும் சொர்ணலட்சுமி இருக்கும்போது அது எதற்கு? பதினெட்டு வருஷமாகக் கொப்பரையை ஒடித்து மூக்கில் வைத்து, "இது செக்குக்கு, இது சோப்புக்கு" என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த மூக்கு ஆடி மாதக் காய்ச்சலோடு படுத்துவிட்டது. மல்லிகையும் தெரியவில்லை, கருவாடும் தெரியவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதைவிட, சேர்த்து வைத்த பேர் போய்விடும். பாவம், பயந்துவிட்டாள். வழக்கம்போல ஒடித்து முகர்ந்தாள். வெள்ளையாக இருந்து, 'டப்'பென்று ஒடிந்தால் நல்ல கொப்பரை என்று தள்ளிவிட்டாள்.

கார்த்திகை மழையில் நனைந்த ஒரு குவியலில் பூசணம் பிடித்தது. துணியால் துடைத்துக் காயவைத்தாள். பளிச்சென்று ஆனதும் செக்குக்கு அனுப்பினாள்.

அன்றைக்கென்று வந்தாள் பர்ஹானா. பேகம்பூர்ப் பெண், கல்லூரியில் பூஞ்சை ஆராய்ச்சி செய்கிறவள். பூசணக் கொப்பரை வேண்டுமாம்.

"இருந்துச்சு தாயி, எல்லாத்தையும் தொடச்சிட்டேனே."

"மேல உள்ளதத்தானக்கா தொடச்சிருப்பீங்க? அது உள்ள எறங்கிரும். எண்ணெயில இருக்க கொழுப்பு அமிலம் சங்கிலி மாதிரி. பூஞ்சை அத தன்னோட செல்லுக்குள்ள இழுத்து, ரெண்டு ரெண்டு கண்ணியா நறுக்கித் திங்கும். தேங்கா எண்ணெய முழுசாத் திங்க ஏலாம, பாதி நறுக்குனத வெளிய தள்ளிரும். அந்த மிச்சந்தான் காறல் வாடை. உங்க மூக்குக்குத் தெரியாததா?"

சொர்ணலட்சுமி செக்கடிக்கு ஓடினாள். எண்ணெய் பாதிப் பாத்திரம் நிறைந்திருந்தது. வேலுசாமி மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ நாறுற மாதிரி இருக்கு சொர்ணம். நீ பாத்த சரக்குதான? எனக்குத்தான் சளி போல."

தன் மூக்கையே சந்தேகப்படுகிறாரே மனிதர்! அவள் குனிந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு வாடை, மெலிதாக, உள்ளே ஏறியது. காறல். சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவர் சளி மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"செக்க நிறுத்துங்கண்ணே. காறிப்போச்சு. என் மூக்கு அஞ்சு மாசமா செத்துக் கெடந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

வேலுசாமி செக்கை நிறுத்தினார். உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு உறை கிழிபடும் சத்தம்.

அவள் அழுதுகொண்டே அந்த நாற்றத்தை இன்னொரு தடவை ஆசையாக இழுத்து முகர்ந்தாள்.