பின்னால் வருவதைக் கண்டு அலறும் வண்டி

எங்கள் புதுப் பிக்அப் வண்டிக்கு ஜெனரேட்டர் என்றால் பயம். கொக்கியில் மாட்டி ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், கீ கீ கீ என்று அலற ஆரம்பித்துவிடும். பின்னால் இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கும் அந்த இரும்புப் பெட்டியை நாமேதான் இழுத்துக்கொண்டு வந்தோம் என்ற விவரம் அதற்குத் தெரியாது. யாரோ முரடன் முட்ட வருகிறான் என்று நினைத்துக்கொள்ளும். நாம் போகிற அளவுக்கு அவனும் பின்னால் போகிறானே, அப்புறம் எங்கே முட்டுவது என்று யோசிக்கிற புத்தியை அதற்கு வைக்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு திரை. அதில் பின்பக்கம் அப்படியே தெரியும் என்றார்கள். தெரிந்தது. ஜெனரேட்டரின் மூஞ்சி, திரை முழுக்க, பல்லைக் காட்டிக்கொண்டு.

இதற்குத்தான் கூடுதலாகக் கொடுத்து மேல் மாடல் வாங்கினேன்.

ஆம்பூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் ஷூ கம்பெனிகள் கூப்பிடும். முகூர்த்த நாளில் மண்டபங்கள் கூப்பிடும். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்கள் கூப்பிடும். ஆலங்காயம் வரைக்கும் மலையடிவாரத்து ஊர்களுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஜெனரேட்டரை ஓட்டுவதில் ஒன்றுமில்லை, பொத்தானை அமுக்கினால் அதுவே ஓடும். கஷ்டமெல்லாம் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதில்தான். மண்டபத்துக்கு முன்வாசலில் அலங்கார வளைவு வைப்பார்கள். எங்களுக்கு எப்போதும் பின்சந்து. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் சமையல். அந்தச் சந்தில் ஜெனரேட்டர் இருக்கும் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போகும். இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம் போகும். சொன்ன பேச்சுக்கு நேரெதிராக நடப்பதில் அதற்கு நிகர் நான்தான் என்று என் மனைவி சொல்வாள்.

எனக்கு அந்தக் கலை கைவந்திருந்தது. அதில் எனக்குக் கொழுப்பும் உண்டு. ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் ஸ்டியரிங், இடது கண்ணாடியில் அரைப் பார்வை. வாட்ச்மேன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்காகவே சில சமயம் சுலபமான இடத்தைக் கூடக் கஷ்டமான மாதிரி ஏற்றிக் காட்டுவேன்.

அந்த இடது கண்ணாடி முதலில் காணாமல் போனது. கண்ணாடி அங்கேயேதான் இருந்தது. என் இடது கண்ணின் ஓரம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டிருந்தது. வேலூரில் கண் டாக்டர் என்னை ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார். இடது கண்ணுக்குப் பாதி நேரம் நான் அமுக்கவே இல்லை. மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினம் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். டிரெய்லரெல்லாம் வேண்டாம் என்றார். ஓட்டவே கூடாது என்று அவர் சொல்லவில்லையே என்று வரும் வழியெல்லாம் மனைவியிடம் வாதாடினேன். அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண் போனால் கண் வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். ஷோரூமில் இருந்த பையன் டை கட்டியிருந்தான். சென்சாரும் கேமராவும் மேல் மாடலில் மட்டும்தான் வரும், கீழ் மாடலில் கிடையாது என்றான். காருக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகிவிட்டதாம், கம்பெனியிலேயே வந்துவிடுமாம். லோடு வண்டிக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். காய்கறிப் பையோடு மார்க்கெட் போகிற காருக்குக் கட்டாயம். ஒரு டன் இரும்பைக் கட்டி இழுத்துக்கொண்டு கல்யாணக் கூட்டத்துக்குள் போகிற எனக்கு ஆசையிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இதில் என்ன நியாயம் என்று கேட்டேன். அவன் தண்ணீர் கொடுத்தான்.

அப்புறம்தான் அந்த அலறல். போன் போட்டுக் கேட்டேன். டிரெய்லர் மாட்டினால் சென்சாரை ஆஃப் செய்துவிட வேண்டும் என்றான் பையன். டிரெய்லரையும் சேர்த்துப் பார்க்கிற வண்டிகள் வெளிநாட்டில் இருக்கிறதாம், இங்கே நம் விலைக்கு வராதாம். ஆக, காலியாகப் போகும்போது என் வண்டிக்கு நான்கு பக்கமும் கண். எனக்குக் கண் தேவைப்படுகிற அந்த ஒரு வேலையில் மட்டும் அதுவும் குருடு. இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது போல இருந்தது.

மிச்சக் குறைக்கு என் மனைவி இருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஷூவின் மேல்தோலை வளைத்து வளைத்துத் தைக்கிற வேலை. நாள் முழுக்க வலது கால் பெடலில். கணுக்கால் வீங்கி வீங்கி, கடைசியில் செருப்பு மாட்ட முடியாமல் போனபோது, போன வருஷம் வேலையை விட்டுவிட்டாள். ஷூ தைக்கிறவளுக்குச் செருப்பு நுழையவில்லை என்று நான் ஜோக் அடித்தேன். அவள் கட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "இனிமே இந்தக் காலு எதையும் மிதிக்காது. எறும்பக்கூட மிதிக்காது" என்று சொன்னாள்.

என் கண் விஷயம் தெரிந்ததும் தானாகவே வண்டியில் ஏறி இடது பக்க சீட்டில் உட்கார ஆரம்பித்தாள். லெஃப்ட்ல பைக்கு, லெஃப்ட்ல ஆட்டோ, லெஃப்ட்ல ஆடு, ஆட்டுக்குப் பின்னால இன்னொரு ஆடு. கம்பெனிக்காரன் வைத்த சென்சாருக்கு ஒரே சத்தம்தான். இவளுக்குப் பல சுதி. ஆளைப் பொறுத்து, என் மேல் இருக்கும் கோபத்தைப் பொறுத்து மாறும். ஜோலார்பேட்டை ரோட்டு டீக்கடையில் லாரிக்காரர்கள் மத்தியில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கேமரா, சென்சார் எல்லாம் வந்தால் டிரைவர் சோம்பேறியாகிவிடுவான், பழக்கம் விட்டுப்போய்விடும் என்று அதில் ஒருவர் சொன்னார். முன்னால் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டாமல் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

பிறகு வாணியம்பாடியில் அந்தக் கல்யாணம் வந்தது. ஷாதி மஹாலின் பின்சந்து. மதியச் சாப்பாட்டுக்கு விறகடுப்பில் வரிசையாகத் தேக்சாக்கள், ஆள் உட்காரும் அளவு பிரியாணி அண்டாக்கள். மனைவி இறங்கிப் பின்னால் போய் நின்று வா வா என்றாள். மேளச்சத்தம், புகை. சென்சாரை ஆஃப் செய்திருந்தேன். திரையில் ஜெனரேட்டரின் மூஞ்சி. இடது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது ஒரு துண்டு சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவரை நம்பி ஒடித்தேன். வண்டியின் தகட்டில் பட்பட்டென்று அடி விழுந்தது. அது அவள் கை. நிறுத்தினேன். அதற்குள் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியிருந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிரியாணி மாஸ்டர், எனக்குப் பல வருஷப் பழக்கம், தரையிலிருந்து தன் பெரிய கரண்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தட்டையாகிவிட்டிருந்தது.

"இன்னாண்ணே, கரண்டி குடுத்தா தோசைத்திருப்பி ஆக்கிட்ட" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் சாம்பலும் தேங்காய் நாரும். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் உட்கார்ந்திருந்த இடம். அவர் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். தண்ணீர் தீர்ந்துபோய்ப் பிடித்துவர எழுந்து போயிருக்கிறார். வந்தவர் சக்கரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பலகையின் பாதியை இழுத்து எடுத்து, சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, விட்ட பாத்திரத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மாஸ்டரும் பலகையைப் பார்த்துவிட்டு, கரண்டியை அடுப்போரம் வைத்தார். மனைவி மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"சாவியக் குடுய்யா."

"இன்னாமே, டிரெய்லரு இது."

"தெரியுது. குடு."

அவளிடம் லைசன்ஸ் இருந்தது. ஸ்கூட்டருக்கு எடுக்கப் போன இடத்தில் காருக்கும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தாள். காலி வண்டியை டீசல் பங்க் வரைக்கும் ஓட்டுவாள். அதைப் பற்றி நான் அடிக்காத ஜோக் இல்லை. டிரெய்லரோடு அவள் ஒரு முழம் கூட ஓட்டியதில்லை. முதலில் அவளும் தப்பாகத்தான் ஒடித்தாள், டிரெய்லர் அடுப்புப் பக்கம் திரும்பியது. நிறுத்தினாள். முன்னால் எடுத்து நேராக்கினாள். மறுபடி வந்தாள். இந்தத் தடவை வண்டி தையல் போடுகிற மாதிரி வந்தது. கொஞ்சம் வந்து நிற்கும், கொஞ்சம் வந்து நிற்கும். எஞ்சின் உறுமவில்லை, கொக்கி ஒரு தடவைகூட இடிக்கவில்லை. வளைந்து, சுவரை ஒட்டி, சாக்கடைக்கு முன்னால் நின்றது. நான் டீ கிளாஸோடு ஏற்றிக் காட்டிய எந்த நாளிலும் அது அவ்வளவு சாதுவாக நின்றதில்லை.

எப்படி என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"வளைவு தைக்கிறப்ப எப்பிடித் தைப்போம்? தையலு இந்தப் பக்கம் போவணும்னா கை தோல அந்தப் பக்கம் தள்ளும். அவ்ளோதான். காலு மட்டும் மெதுவா வரணும்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "ரெண்டு நிமிசம் முன்னாடி ஒடிச்சிருந்தா அந்தம்மா கெதி இன்னா" என்றாள். பாத்திரம் தேய்த்த அம்மாளைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அவர் தண்ணீருக்கு எழுந்து போகாமல் பலகையிலேயே இருந்திருந்தால் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். ஊரில் இப்போது எங்களை ஜெனரேட்டர்க்காரம்மா வீடு என்கிறார்கள். அது வருத்தமில்லை. என்னைவிட அவள் நன்றாக ஓட்டுகிறாள், அதுவும் வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லையே என்ற ஏக்கம் இருக்கிறது. காலையில் எழுந்தால் கை சும்மா இருக்கிறது, அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்த வலது கால்தான். எறும்பைக்கூட மிதிக்காது என்று கட்டிலில் நீட்டி வைத்த கால். ஒரு டன் பின்னால் தள்ளும்போது பிரேக்கை எவ்வளவு அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து இறங்கியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நிற்பாள். யாராவது பார்த்தால் செருப்பில் கல் என்பாள். கம்பெனியிலிருந்து அந்தக் காலை மீட்டு ஒரு வருஷம் ஆகவில்லை, நான் மறுபடி டூட்டியில் சேர்த்துவிட்டேன். டிரைவர் வைக்கலாமே என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கொக்கியை வளைத்தான், இன்னொருவன் முகூர்த்த நாளில் போனை எடுக்கவில்லை. அவளே சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஆகவே, யாராவது கேட்டால் நான் இப்போது வாதாடாமல் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணையெல்லாம் எல்லா வண்டியிலும் கட்டாயமாக வைக்கத்தான் வேண்டும். கீழ் மாடல், லோடு வண்டி என்று பார்க்கக் கூடாது. டிரெய்லரைத் தாண்டிப் பார்க்கிற கண்ணாக வைக்க வேண்டும். டிரைவர் சோம்பேறியானால் ஆகட்டும். எங்கள் வீட்டில் ஒருத்தி சோம்பேறியாக இருக்க ஆசைப்பட்டாள், அது நடக்கவில்லை. போன வாரம் ஷோரூமுக்குப் போய் அதே பையனிடம் சொன்னேன். மேலிடத்துக்குச் சொல்கிறேன் சார் என்று தண்ணீர் கொடுத்தான்.

நம்மால் ஆனது என்று நானே ஒரு வசதி செய்தேன். தெரிந்த கம்பெனியில் மிஞ்சிய ஸ்பாஞ்சும் ஆட்டுத்தோல் துண்டும் வாங்கிவந்து, குதிகாலுக்கு மெத்தென்று ஒரு திண்டு தைத்து, பெடலுக்குக் கீழே வைத்தேன். என் ஆயுளில் நான் தைத்த முதல் தையல், கோணல்மாணலாகப் போயிருந்தது. அவள் ஏறியதும் காலால் தடவிப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள்.

"இது நவுந்து போயி பிரேக்குக்கு அடியில சிக்கினா இன்னாய்யா ஆவும்?"

நான் அதை யோசிக்கவில்லை. அவள் திண்டைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். "எங்க கம்பெனி லைன்ல இத ரிஜெக்ட்டுல போடுவாங்க" என்றாள். தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். இடது பக்க சீட்டில் வைத்து, "நீ போட்டுக்க. உக்காந்துனு வர்றவனுக்குத்தான் வலி ஜாஸ்தி" என்றாள்.

அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையிலேயே மெத்தென்று இருக்கிறது. தெருமுனை வந்தது. இடது பக்கம் பார்த்துச் சொல்வது இப்போது என் வேலை. அந்தப் பக்கத்துக் கண்தான் எனக்கு இல்லை என்பதால் கழுத்தை முழுக்கத் திருப்பி, உடம்பையும் கொஞ்சம் திருப்பி, நன்றாகப் பார்த்தேன்.

"லெஃப்ட்ல ஒண்ணும் இல்ல, வா" என்றேன்.

சரி என்றாள். அதற்கப்புறமும் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திருப்பினாள்.