வெறும் தடத்தில் ஊதாக் கறை

பாலக்காட்டில் மருந்தியல் படித்த நாட்களில், சிலிக்கா பூசிய சிறு தகட்டில் மூலிகைச் சாற்றைப் பொட்டுப் பொட்டாக வைத்துப் பிரிப்போம். கரைப்பான் ஏற ஏற, சாற்றிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கான உயரத்தில் நின்றுவிடும். ஓரத்தில் ஒரு தடத்தை மட்டும் வெறுமையாக விடுவோம். அங்கே எதுவும் தெரியக்கூடாது.

நான் மலைமேல் போடிமெட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பும் திங்கட்கிழமைகளில், நிறம் காட்டும் அமிலக் கலவை தெளித்துச் சூடாக்கினால், அந்த வெறும் தடத்தில் ஊதாக் கறை பூக்கும். அம்மாவோடு உட்கார்ந்து ஏலக்காய்க் காம்பு கிள்ளி, பிறகு தகட்டின் ஓரத்தைப் பிடித்த விரல்களின் எண்ணெய் அது; சோப்புக்கு அசையாது. கையுறை போடவோ எனக்குப் பிடிக்காது.

முதலமடை ஊர்க்காரியான வகுப்புத்தோழி தகட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஏனம்மிணி, ஊட்டுக்குப் போயிட்டு வந்தியாக்கும்?"

எரிந்து விழுவேன். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமே!

இப்போது மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கையுறை கட்டாயம். அம்மா போனபிறகு நான் மலையேறவில்லை. நேற்று கையுறை தீர்ந்துபோனது. வெறும் விரல்களால் தகட்டின் ஓரத்தைப் பிடித்து, கலவை தெளித்துச் சூடாக்கினேன்.

வெறுங்கையால் இவ்வளவு சுத்தமான தகடு எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.